லோடனா, காலிங்ஸா? கடலோர வீட்டுக்கு எந்தப் பழைய கிட்டார்?

தண்டையார்பேட்டை_தந்தி:

சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது. வேறு செலவு வந்து தின்பதற்குள் ஒரு நல்ல அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கிவிட வேண்டும். புதிது கட்டுப்படியாகாது, அதனால் செகண்ட் ஹேண்ட். தேடியதில் இரண்டு சிக்கியிருக்கிறது. ஒன்று பெரம்பூரில், லோடன் கம்பெனியின் ஓ-25, சீடர் மரத்தில் டாப் (மேல்பலகை), ரோஸ்வுட் பாடி, வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவருடையது. இன்னொன்று கொளத்தூரில், காலிங்ஸ் கம்பெனியின் ஓஎம்2ஹெச், ஸ்ப்ரூஸ் மரத்தில் டாப், அதுவும் ரோஸ்வுட். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் லோடன்காரர் "இது பிரேசில் ரோஸ்வுட்டாக இருக்கலாம்" என்று சொல்லிக் கொஞ்சம் கூடக் கேட்கிறார்.

நான் வாசிப்பது பெரும்பாலும் விரலால்தான், ராத்திரி வீட்டில், மெதுவாக. ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் சர்ச் கொயருக்கு (பாடகர் குழு) வாசிக்கிறேன், அங்கே ஸ்ட்ரம் அடிக்காமல் முடியாது. வீட்டிலிருந்து கடல் நடக்கிற தூரம்தான், ஏசி ராத்திரி மட்டும் ஓடும். லோடனை எடுத்தால் கீழே வைக்க மனசு வரவில்லை. காலிங்ஸில் எவ்வளவு நெருக்கமான கார்டு பிடித்தாலும் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கிறது, ஆனால் ஆக்‌ஷன் உயரம், அதாவது தந்திக்கும் கழுத்துக்கும் இடைவெளி அதிகம், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி) ஆறாவது தந்தி 3 மில்லிக்கு மேல் நிற்கிறது. எதை எடுப்பது?

ஆறாவது_விரல்:

லோடன். விரலால் வாசிப்பவருக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கிட்டார் கலைஞர் பியர் பென்சூசன் வாசிப்பதைக் கேளுங்கள், டாட்காட் ட்யூனிங்கில் (தந்திகளை D-A-D-G-A-D என்று சுருதி கூட்டுவது) அவர் எழுபதுகளின் கடைசியில் வாங்கிய லோடன் என்ன செய்கிறது என்று தெரியும். நட் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்குகிற பட்டை) அகலமும் 45 மில்லி, விரல் ஒன்றோடு ஒன்று இடிக்காது. காலிங்ஸில் 43-ம் வருகிறது, 44.5-ம் வருகிறது, போய் அளந்து பாருங்கள்.

பெரம்பூர்_பேஸ்:

அவர் கொயருக்கும் வாசிப்பேன் என்று எழுதியிருப்பதைப் படித்தீர்களா இல்லையா? சீடர் மெதுவாகத் தொட்டாலே முழுசாகப் பேசிவிடும். அதுதான் அதன் அழகு, அதுதான் சிக்கலும். ஓங்கி அடித்தால் அதற்கு மேல் கொடுக்க அதனிடம் ஒன்றும் இல்லை, சத்தம் அப்படியே அமுங்கிவிடும். ஸ்ப்ரூஸ் அடிக்க அடிக்கக் கொடுக்கும். இருபது பேர் பாடுகிற இடத்தில் சீடரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? ஆனால் 3 மில்லி ஆக்‌ஷன் எனக்கும் உதைக்கிறது. நெக் ரீசெட், அதாவது கழுத்தைக் கழற்றிக் கோணம் திருத்தி மறுபடி பொருத்துகிற வேலை, கேட்கிற கிட்டாராக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மணலி_மரவேலை:

தம்பி, 3 மில்லி என்றவுடன் ரீசெட் என்று பயமுறுத்துவார்கள். முதலில் சேடிலைப் பார், டாப்பில் ஒட்டிய பிரிட்ஜ் கட்டையில் தந்தியைத் தாங்குகிற மெல்லிய பட்டை அது. அது பிரிட்ஜுக்கு மேல் மூன்று நான்கு மில்லி நிற்கிறதா, தேய்த்து இறக்க இடம் இருக்கிறது, வேலை முடிந்தது. ஏற்கனவே தேய்த்துத் தேய்த்து ஒரு மில்லிதான் மிச்சம், அப்படியும் தந்தி உயரம் என்றால்தான் கவலைப்பட வேண்டும். அப்புறம் நெக்கின் வளைவு. ஆறாவது தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் பதினான்காவதிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நடுவில் இடைவெளியைப் பார். விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தால் வளைவு அதிகம், நெக்குக்குள் இருக்கிற டிரஸ் ராட் என்ற கம்பியைத் திருகினாலே ஆக்‌ஷன் கொஞ்சம் இறங்கும். வளைவு சரியாக இருந்தால் நீளமான ஸ்டீல் ஸ்கேலை ஃப்ரெட்டுகள் மேல் படுக்கவைத்து பிரிட்ஜ் வரை தள்ளு. முனை பிரிட்ஜின் மேல்பரப்பில் ஏறி உட்கார்ந்தால் நல்லது. பிரிட்ஜின் முன்பக்கத்தில் போய் முட்டி நின்றால் நெக் கோணம் சரிந்திருக்கிறது.

ஆனால் இதையெல்லாம் இந்த ஐப்பசி மழையில் ஒரே தடவை அளந்து முடிவு கட்டாதே. இந்த மாதிரி கிட்டார்களைப் பட்டறையில் ஈரப்பதம் 45, 50 சதவீதம் என்று நிறுத்திவைத்துத்தான் கட்டுகிறார்கள். நம்ம பக்கம் மழை நாளில் 80-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். டாப் பலகை மூன்று மில்லி கனம்தான் இருக்கும், ஈரத்தைக் குடித்து அகலவாக்கில் ஊதப் பார்க்கும், ஓரமெல்லாம் ஒட்டியிருப்பதால் பக்கவாட்டில் போக வழியில்லாமல் மேலே எழும்பும், கூடவே பிரிட்ஜையும் தூக்கும். ஆக்‌ஷன் தானாக ஏறும், சத்தம் மந்தமாகும். கொளத்தூர்காரர் அதை ஏசி இல்லாத அறையில் ஸ்டாண்டில் வைத்திருந்தால் நீ அளந்தது கிட்டாரை இல்லை, மழையை. கேஸுக்குள் சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதம் காட்டுகிற ஒரு சின்ன ஹைக்ரோமீட்டரும் போட்டுப் பத்து நாள் மூடிவைத்து மறுபடி அளக்கச் சொல். அப்படியே கோணம் சரிந்திருந்தாலும் காலிங்ஸ் நெக் போல்ட் போட்டது, ஆவி விட்டுப் பசையை இளக்கிக் கழற்றுகிற பழைய முறை அளவுக்குப் பாடு இல்லை.

லோடனில் பார்க்க வேண்டியது வேறு. அதன் பிரிட்ஜில் தந்தியைச் செருகி இறுக்குகிற முளை (பின்) கிடையாது. முளை வைத்த பிரிட்ஜில் தந்தி முனையில் இருக்கிற குண்டு உள்ளே இருக்கிற பலகையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பாரம் தாங்கும். இதில் ஆறு தந்தியும் சேர்ந்து இழுக்கிற எழுபது கிலோவும் பசையின் தலையில்தான். பிரிட்ஜின் பின் விளிம்பில் மெல்லிய தாளைச் செருகிப் பார், நுழையக் கூடாது.

ஆறாவது_விரல்:

அந்த பிரேசில் கதைக்கு ஒரு பைசா கூடக் கொடுக்காதீர்கள். ஓ-25-ல் வழக்கமாகப் போடுவது இந்திய ரோஸ்வுட், நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரம். இங்கிருந்து கப்பலேறிப் போய் வட அயர்லாந்தில் கிட்டாராகிப் பெரம்பூருக்குத் திரும்பி வந்திருக்கிறது, அதற்குத்தான் இத்தனை லட்சம்! நிஜமாகவே பிரேசில் என்றால் அது இன்னும் தலைவலி. 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிற மரம், காகிதம் இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோகவே முடியாது, எப்படிக் கொண்டுவந்தார் என்று கேளுங்கள். ஈட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. 2017-ல் மற்ற ரோஸ்வுட் எல்லாவற்றையும் இரண்டாவது பட்டியலில் போட்டார்கள், 2019 கடைசியில் செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். உள்ளே லேபிளில் இருக்கிற நம்பரைக் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள்.

தண்டையார்பேட்டை_தந்தி:

மணலி அண்ணா, நீங்கள் சொன்னபடி இரண்டையும் பார்த்துவிட்டு வந்தேன். காலிங்ஸில் சேடில் நன்றாக நிற்கிறது, ஸ்கேல் பிரிட்ஜ் மேலேயே ஏறியது, நெக் வளைவுதான் அதிகம். ஜன்னல் ஓரமாக ஸ்டாண்டில்தான் வைத்திருக்கிறார். லோடனில் ஆக்‌ஷன் அருமை, ஆனால் பிரிட்ஜின் பின்பக்கம் மெல்லிய தந்திகள் இருக்கிற மூலையில் பஸ் டிக்கெட் அரை விரல்கடை உள்ளே போகிறது. மனசு உடைந்துவிட்டது. கைக்கு அதுதான் பிடித்திருந்தது.

ராயபுரம்_கொயர்:

ஒன்று கேட்கிறேன், மூன்று லட்சத்துக்கு மேல் போகிற கிட்டாரை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டா கோயிலுக்கு வருவீர்கள்? அங்கே ஃபேன் காற்று, வியர்வை, பூசை முடிந்ததும் ஆளாளுக்கு எடுத்துத் தட்டிப் பார்க்கிற பிள்ளைகள். எங்கள் கொயரில் பிக்கப் வைத்த லேமினேட் (ஒட்டுப்பலகை) கிட்டார்தான், பிளக்கைச் செருகினால் கடைசி பெஞ்ச் வரை கேட்கிறது, நனைந்தாலும் யாரும் அழமாட்டார்கள். அதுக்கு ஒரு பத்தாயிரம் ஒதுக்குங்கள். ஸ்ட்ரம் கணக்கை எடுத்துவிட்டால் மிச்சம் ராத்திரி வீட்டில் வாசிப்பதுதான், அதற்கு எது வேண்டும் என்று நீங்களே முதல் பதிவில் சொல்லிவிட்டீர்கள்.

பெரம்பூர்_பேஸ்:

இதுவும் சரிதான். ஆனாலும் டிக்கெட் நுழைகிற கிட்டாருக்கு முழு விலை கொடுக்கக் கூடாது. நான் என்றால் காலிங்ஸ்தான், கொஞ்சம் உலர்த்தி ராடைத் திருகினால் தீர்கிற குறை.

மணலி_மரவேலை:

இரண்டுமே தீர்கிற குறைதான். பிரிட்ஜ் எழும்புவது நம்ம ஊரில் புதுசு இல்லை. சூடு காட்டி முழுசாக எடுத்து, பழைய பசையைச் சுரண்டி, புதுசு வைத்து கிளாம்ப் போட வேண்டும். பயப்பட வேண்டியது ஒன்றுதான்: சீடர் மெத்தென்ற மரம், பிரிட்ஜ் எழும்பும்போது டாப்பின் நாரையும் பிய்த்துக்கொண்டு வந்திருந்தால் வேலை பெரிசு. அதை வெளியிலிருந்து முழுசாகச் சொல்ல முடியாது. உள்ளே கண்ணாடி விட்டு பிரிட்ஜுக்குக் கீழே பலகை வளைந்திருக்கிறதா, உள்ளே பலகையைத் தாங்குகிற பிரேஸ் சட்டம் ஏதாவது விட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். சுத்தமாக இருந்தால் ரிப்பேர் செலவைக் கழித்துக்கொண்டு லோடனை எடு. அவர் விலையில் இறங்கவில்லை என்றால் கொளத்தூருக்கு வண்டியைத் திருப்பு. எதை எடுத்தாலும் சுவரில் மாட்டாதே, கேஸுக்குள்தான். காலிங்ஸ் என்றால் மலிவு ரப்பர் ஸ்டாண்டும் ஆகாது, நைட்ரோ பாலிஷ் ரப்பர் பட்ட இடத்தில் இளகிப் பிசுபிசுக்கும்.

தண்டையார்பேட்டை_தந்தி:

அவரிடம் பேசிவிட்டேன் அண்ணா. டிக்கெட் நுழைகிற போட்டோ அனுப்பினதும் பிரேசில் பேச்சை விட்டுவிட்டார், ஆளைக் கூட்டிவந்து பாருங்கள் என்கிறார். சனிக்கிழமை வர முடியுமா? வண்டி எடுத்துக்கொண்டு நானே வந்து கூட்டிப்போகிறேன்.

மணலி_மரவேலை:

மதியத்துக்கு மேல் வா, கண்ணாடியும் டார்ச்சும் என்னிடம் இருக்கிறது. தந்தியெல்லாம் கழற்றினால்தான் கை உள்ளே போகும், அதற்கு அவர் சம்மதமா என்று முன்னாடியே கேட்டுவை. ஒரு செட் புதுத் தந்தி வாங்கிக்கொண்டு வா, அதை அவர் தலையில் கட்டாதே.