படத்துக்கு அர்த்தம் சொல்லித்தரணுமா?

நிலாமுற்றம்:
பாட் ஹட்சின்ஸோட 'ரோசீஸ் வாக்' (1968) புத்தகத்தை நாலு வயசு மகளுக்கு வாசிச்சேன். ஒரு கோழி பண்ணையைச் சுத்தி நடந்துட்டு, சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வருது. மொத்தமே 32 ஆங்கிலச் சொல்தான். பின்னாலேயே வர்ற நரியைப் பத்தி எழுத்துல மூச்சே இல்லை, அது படத்துல மட்டும்தான். நான் வரியை வாசிக்க, இவ பக்கத்துல விரலை வெச்சு "பின்னாடி பாரு, பின்னாடி பாரு"ன்னு கோழிக்குக் கத்துறா. நான் எதுவுமே விளக்கலை. படத்துக்குப் பெரியவங்க அர்த்தம் சொல்லவே கூடாதுங்கிறது என் கட்சி.

கரும்பலகை:
நரி தானாவே கண்ணுல படும்ங்க. மாரிஸ் சென்டாக்கோட 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' (1963) எடுங்க. முதல் பக்கத்துல சின்னதா இருக்கிற படம், கதையில வர்ற மேக்ஸ்ங்கிற பையனோட கற்பனை வளர வளரப் பெரிசாகி ரெண்டு பக்கத்தையும் அடைச்சுடும். அந்தக் கற்பனையில வர்ற பூதங்கள் ஆட்டம் போடுற இடத்துல எழுத்தே கிடையாது. நான் கேட்கிற வரைக்கும் என் வகுப்புல ஒரு பிள்ளையும் இதைக் கவனிச்சதில்லை.

நிலாமுற்றம்:
கவனிக்கலைன்னு எப்படிச் சொல்றீங்க? அந்தப் பக்கம் வந்ததும் பிள்ளைங்களும் சேர்ந்து குதிப்பாங்களே! உணர்ந்தாச்சு, சொல்லத்தான் தெரியலை. "ஏன் பெரிசாச்சு?"ன்னு கேட்டா அது பரீட்சையாயிடும்.

தூரிகை:
நான் படம் வரையறவன். ஓடுற கால் பின்னால மூணு கோடு போட்டா வேகம்னு எந்தக் குழந்தையும் தெரிஞ்சுக்கிட்டுப் பிறக்கிறதில்லை. திசைகூட அப்படித்தான். தமிழ், ஆங்கிலப் புத்தகங்கள்ல பயணம் பெரும்பாலும் வலப்பக்கம் போகும். அரபிப் புத்தகம் புரள்றதே எதிர்ப்பக்கம். இதெல்லாம் பழகிப் பழகி வர்றது. அதனால கரும்பலகை சொல்றதுல எனக்குப் பாதி சம்மதம்.

கரும்பலகை:
நான் "ஏன்"னு கேட்கிறதே இல்லை. "என்ன தெரியுது?"ன்னு மட்டும்தான். அதே புத்தகத்துல மேக்ஸ் நாயைத் துரத்துற பக்கத்துல, சுவத்துல ஒரு பூதப் படம் தொங்கும், மேக்ஸ் வரைஞ்சது. ஒரு சின்னப் பொண்ணு கடைசிப் பக்கத்துல இருந்து திருப்பித் திருப்பி அங்க வந்து நின்னா. "இதை இவன் முன்னாடியே வரைஞ்சிருக்கான்"னா. கேட்காம விட்டிருந்தா திரும்பியிருப்பாளா?

நிலாமுற்றம்:
கோடு, திசை பழகணும்கிறதை ஒத்துக்கறேன். ஆனா கேட்டுட்டு எவ்வளவு நேரம் சும்மா இருந்தீங்க?

கரும்பலகை:
அவ புத்தகத்தை மூடுற வரைக்கும்.