டாட் (டிஜிட்டல் ஆடியோ) டேப்ல 20 நிமிஷத்துக்கு மேல கர்ர்ர்னு சத்தம், டெக் போச்சா டேப் போச்சா?

கச்சேரிப்பெட்டி:
வணக்கம் மக்களே. எங்க பெரியப்பா சிங்கப்பூர்ல வேலை பாத்தப்ப ஒரு டாட் வாக்மேன் வாங்கிட்டு வந்தாரு, லீவுக்கு வரும்போதெல்லாம் மார்கழி சீசன்ல சபாவுக்குப் போயி பதிஞ்சு வச்சிருக்காரு, 1994ல இருந்து 99 வரைக்கும் மொத்தம் 23 டேப். அவர் போயி மூணு வருஷம் ஆச்சு, பெரியம்மா பீரோவை ஒழிக்கும்போது டேப்பு, வீட்ல வச்சு கேக்குற பெரிய டெக்கு எல்லாத்தையும் எங்கிட்ட குடுத்துட்டாங்க. ஒரு டேப்ல மட்டும் பச்சை இங்க்ல "தனி முழுசா இருக்கு, யாருக்கும் குடுக்காதே"ன்னு எழுதியிருந்துச்சு (தனின்னா மிருதங்கத் தனி ஆவர்த்தனம்), ஆசையில அதையே மொதல்ல போட்டுட்டேன். 20 நிமிஷம் கண்ணாடி மாதிரி பாடுச்சு, அப்புறம் மண்ணை அள்ளி வாயில போட்ட மாதிரி கர்ர்ர் கர்ர்ர், அதுக்கப்புறம் சத்தமே இல்ல, கவுன்ட்டர் மட்டும் ஓடுது. ஹெட்போன் ஓட்டையில இருந்து லேப்டாப் மைக்குக்கு ஒயர் போட்டு பதிஞ்சுட்டு இருக்கேன். பிரிக்காத புது டேப் ரெண்டு கெடக்கு, அதுல ரெக்கார்ட் பண்ணிப் பாக்கலாமா இல்ல அது வேற வில்லங்கமா?

மைக்செட்_மணி:
ஹெட் அழுக்கு ப்ரோ. பஞ்சு குச்சியில ஸ்பிரிட் தொட்டு நல்லா தேச்சு விடுங்க சரியாயிடும். கேசட் டெக்குக்கு 20 வருஷமா இதான் பண்றேன்.

பழையடெக்:
மணி சொல்றதை தயவுசெஞ்சு செய்யாதீங்க தம்பி. கேசட் டெக்ல ஹெட் அசையாம நிக்கும், இதுல வீடியோ டெக் மாதிரி சின்ன டிரம், 30 மில்லிமீட்டர் குறுக்களவு, நிமிஷத்துக்கு 2000 சுத்து சுத்துது, டேப்போ நொடிக்கு 8.15 மில்லிமீட்டர்தான் நகருது. பஞ்சு நூல் ஒண்ணு ஹெட்ல மாட்டுனா, இல்ல மேலும் கீழுமா தேச்சா, ஹெட் தனியா வந்துடும். நூல் விடாத தோல் வச்ச குச்சியில 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு டிரம் பக்கத்துல அழுத்தாம அப்படியே புடிச்சுக்கணும், டிரம்மைத்தான் கையால மெதுவா சுத்தணும், குச்சி ஆடவே கூடாது. நல்லா காஞ்சப்புறம்தான் டேப் போடணும்.

அதுக்கு முன்னாடி டேப்பை வெளிச்சத்துல சாய்ச்சு அதோட சின்ன கண்ணாடி ஜன்னல் வழியா உள்ள பாருங்க, ஓரத்துல வெள்ளைப் பொடி தெரிஞ்சா பூஞ்சை, அதை டெக்ல போட்டா மத்த 22ம் நாறிப்போயிடும். அந்த பச்சை இங்க் டேப்பை எடுத்து தூர வைங்க முதல்ல. அதோட ஓரத்துல இருக்குற சின்னக் கதவைத் தள்ளி ஓட்டை தெரியுற மாதிரி விட்டுடுங்க, அப்பதான் தெரியாம ரெக்கார்ட் அமுக்குனாலும் அழியாது.

ஒலிப்பித்தன்:
இதெல்லாம் இருக்கட்டும், ஹெட்போன்ல இருந்து மைக் ஓட்டைக்கா?? நெஞ்சு வலிக்குது நண்பா. டேப்ல இருக்குறது நம்பரு, பின்னாடி கோஆக்சியலோ ஆப்டிக்கலோ டிஜிட்டல் அவுட் இருக்கும், அதுல இருந்து அப்படியே எடுங்க. டெக்கையும் லேப்டாப்பையும் இணைக்குற யூஎஸ்பி இன்டர்ஃபேஸ்ல கிளாக்கை எக்ஸ்டர்னல்னு (டெக்கோட வேகத்துக்கே ஓடுற மாதிரி) மாத்த மறக்காதீங்க, இல்லேன்னா சில செகண்டுக்கு ஒரு டிக் டிக் விழும், அதைக் கேட்டுட்டு டேப் போச்சுன்னு இன்னொரு போஸ்ட் போடுவீங்க. மைக்ல பதிஞ்சது பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸ்தான் (நொடிக்கு 48 ஆயிரம் தடவை சத்தத்தை அளந்து எழுதுறது), ஆனா டேப்பை மிச்சம் புடிக்க எல்பி-ல (லாங் ப்ளே, டேப்பை மெதுவா ஓட்டிப் பதியுறது) போட்டிருந்தா 32, அதுவும் 12 பிட், எல்லா டெக்கும் அதைப் பாடாது. ரெண்டு மணி நேர டேப் 48ல சுமார் 1.4 ஜிபி வரும், இடம் வச்சுக்கங்க. ஒரே மூச்சுல ஓட விடுங்க, பாட்டு பாட்டா தாவித் தாவித் தேடாதீங்க.

பழையடெக்:
ரெக்கார்ட் பத்தி கேட்டாரே, கண்டிப்பா பண்ணிப் பாருங்க, அதுதான் டெஸ்ட்டே. புது டேப்ல பத்து நிமிஷம் எதையாவது பதிஞ்சு அதே டெக்ல போட்டுக் கேளுங்க. அதுவே கரகரன்னா ஹெட் அழுக்கு இல்ல தேய்மானம். அது சுத்தமா இருந்து பெரியப்பா டேப் மட்டும் கரகரன்னா, பதிஞ்ச மெஷினும் இந்த டெக்கும் ஒரே கோட்டுல இல்லன்னு அர்த்தம். டிராக் எல்லாம் இடைவெளியே இல்லாம ஒட்டி ஒட்டி இருக்கும், டேப்பை டிரம்முக்கு நேரா கொண்டு போற வழிகாட்டி போஸ்ட் (சின்னத் தூண்) முடி அளவு நகந்தாலும் போச்சு. ஆனா ஒண்ணு, கோணலா இருக்குற டெக்கு தான் கோணலா எழுதுனதை தானே நல்லாப் படிச்சுக்கும். அதனால வேற இடத்துல பதிஞ்ச டேப் ஒண்ணும் போட்டுப் பாத்துடுங்க.

கச்சேரிப்பெட்டி:
அண்ணா பத்து நாள் கழிச்சு வரேன் மன்னிக்கணும். பூஞ்சை எதுலயும் இல்ல. குச்சி ஆன்லைன்ல வாங்கி சுத்தம் பண்ணேன், குச்சித் தோல்ல காப்பித்தூள் மாதிரி வந்துச்சு. மழை பெஞ்ச அன்னைக்கு போட்டப்ப 'டியூ'ன்னு (உள்ள ஈரம்னு) காட்டி ஓட மாட்டேன்னுச்சு, ஒரு மணி நேரம் ஃபேன் காத்துல வச்சேன், ஓடுச்சு. புது டேப்ல பதிஞ்சது சூப்பர். ஆபீஸ் ஃப்ரெண்டு அப்பா ஸ்டுடியோ டேப் ஒண்ணு குடுத்தாரு, அதுவும் சூப்பர். பெரியப்பா டேப்ல 97க்கு முன்னாடி உள்ளது 14, அத்தனையும் டிஜிட்டல்ல எடுத்துட்டேன். 97க்கு அப்புறம் உள்ள 9 மட்டும் எல்லாம் கரகர. பச்சை இங்க் அதுலதான் இருக்கு. பெரியம்மாகிட்ட கேட்டா 97ல ஆட்டோவுல இருந்து வாக்மேன் கீழ விழுந்துச்சுன்னு சொல்றாங்க!!

பழையடெக்:
அப்ப அதான் விஷயம். உங்க டெக் நேரா இருக்கு, விழுந்த வாக்மேன்தான் கோணலா எழுதியிருக்கு. அந்த வாக்மேன் இருக்கா? ஓடுனா அதுலயே போட்டு எடுக்குறது பெஸ்ட். இல்லேன்னா மெக்கானிக் ஒருத்தர் உங்க டெக்கோட போஸ்ட்டை அந்த 9 டேப்புக்கு ஏத்த மாதிரி திருப்பி, எடுத்து முடிச்சதும் பழையபடி வைக்கணும். திருப்புறதுக்கு முன்னாடி போஸ்ட் தலையில மார்க்கரால கோடு போட்டு ஃபோட்டோ எடுத்துக்கச் சொல்லுங்க. சோனியே 2005ல டாட் மெஷின் செய்யுறதை நிறுத்திட்டான், பார்ட்ஸ் கெடைக்காது.

கச்சேரிப்பெட்டி:
வாக்மேன் பரண் மேல இருக்காம்ணா. பேட்டரி ஒழுகி உள்ள பச்சையா பூத்துப் போயிருக்கு. ஞாயித்துக்கிழமை எறக்கிட்டு ஃபோட்டோ போடுறேன்.