பத்து விநாடி காத்திருந்தவர்கள்

அல்சூரிலிருந்து:

தலையில் அடிபட்டவர்களும், அவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களும் கொஞ்சம் எழுதுங்களேன். மருந்தையும் ஸ்கேனையும் டாக்டரிடம் பேசிக்கொள்ளலாம். வெளியே போன இடத்தில் யாரைச் சந்தித்தீர்கள், அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று கேட்கத்தான் எனக்கு ஆசை. என்னுடையதை முதலில் சொல்கிறேன். இதை எழுத 4 நாள் ஆயிற்று. 20 நிமிடத்துக்கு மேல் திரையைப் பார்த்தால் கண்ணுக்குப் பின்னால் இறுக்கிப் பிடிக்கும். நிறுத்திவிட்டுப் படுத்துவிடுவேன்.

எனக்கு வயது 47. 2019-இல் இங்கே பெங்களூரில் வீட்டுக்காரரோடு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது விழுந்தேன். கர்நாடகத்தில் 2016-லிருந்தே பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். நானும் போட்டிருந்தேன், வாரை மட்டும் மாட்டவில்லை. பக்கத்துத் தெருவுக்குத்தானே என்று இருந்துவிட்டேன். தலை தரையில் மோதும் முன்பே ஹெல்மெட் கழன்று உருண்டுவிட்டது. 9 நாள் ஐ.சி.யூ. அந்த ஒன்பது நாளும், விழுவதற்கு முந்தைய இரண்டு நாளும் எனக்கு இல்லவே இல்லை. அந்த இரண்டு நாளில் ஒரு நாள் என் மகளின் பிறந்தநாள்.

முடி வளர்ந்து தழும்பை மூடிவிட்டது. அதனால் பார்க்கிறவர்களுக்கு நான் பழைய ஆள்தான். வார்த்தை நாக்கு வரை வந்து நின்றுவிடும். குக்கர் விசில், டிவி, மின்விசிறி, எதிரே பேசுகிறவரின் குரல் எல்லாம் ஒரே அளவில் காதில் வந்து விழும். எதைக் கேட்பது, எதை விடுவது என்று முன்பு மூளை தானாகவே பார்த்துக்கொண்டது. இப்போது அந்த வேலையை நானே உட்கார்ந்து செய்ய வேண்டியிருக்கிறது. மதியம் 2 மணிக்குள் தெம்பு தீர்ந்துவிடும்.

அப்புறம் வாசனை. மூக்குக்கு மேலே சல்லடை மாதிரி ஓர் எலும்பு இருக்கிறதாம். அதன் ஓட்டைகள் வழியாகத்தான் வாசனை நரம்பின் இழைகள் மூளைக்குப் போகின்றன. அடிபடும்போது மூளை குலுங்கியதில் அந்த இழைகள் அறுந்துவிட்டன என்றார் டாக்டர். டிகாஷன் இறங்கும் வாசம், மகளின் தலைமுடி வாசம், எதுவும் கிடையாது. பால் கெட்டிருந்தாலும் தெரியாது. அடுப்படியில் கேஸ் கசிந்தால் சத்தம் போடும் கருவி ஒன்றை மாட்டியிருக்கிறோம். அது இல்லாமல் இன்னும் தனியாகச் சமைக்கப் பயம்.

சரி, சந்தித்தவர்களுக்கு வருகிறேன். சோமேஸ்வரர் கோயிலுக்குப் போகும் வழியில், பஜார் தெருவில் ஒரு கீரைக்கார அம்மா உட்காருவார். தருமபுரிப் பக்கம் சொந்த ஊர். விபத்துக்கு 8 மாதம் கழித்து முதல்முறை தனியாகப் போய் அவர் முன்னால் நின்றேன். எனக்கு வேண்டியது கொத்தமல்லி. கண் முன்னால் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது, பெயர் வரவில்லை. "அது… பச்சையா… ரசத்துக்கு மேல…" என்கிறேன். பின்னால் ஆள் நிற்கிறார்கள். அந்த அம்மா அவர்களைப் பார்த்து "செத்த இருங்க" என்று சொல்லிவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். வராது என்று தெரிந்ததும் ஒரு கட்டை எடுத்து நீட்டி, "மோந்து பாரு கண்ணு, இதுவா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மோப்பமும் போய்விட்டது என்று எப்படியோ சொன்னேன்.

"அதனால என்ன, தொட்டுப் பாரு" என்று என் விரலைப் பிடித்துக் காம்பின் மேல் வைத்தார். "உருட்டு. உருளுதா? சதுரமா இருந்தா புதினா. இலை சொரசொரன்னு இருக்கும். கொத்தமல்லிக் காம்பு உருண்டையா இருக்கும், இலை மெத்துன்னு ஒட்டும். கருவேப்பிலை வழுவழுன்னு." புதினாத் தண்டு சதுரம் என்று 40 வருடத்தில் எனக்குத் தெரியாது. இப்போதும் பெயர் வராத நாளில் தண்டை உருட்டிப் பார்த்துத்தான் எடுக்கிறேன்.

இன்னொன்று மெட்ரோவில். கப்பன் பார்க்கிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். எம்.ஜி.ரோடு, டிரினிட்டி, அடுத்தது எங்கள் ஹலசூரு (அல்சூருக்குக் கன்னடத்தில் அதுதான் பெயர்). டிரினிட்டி தாண்டியதும் கன்னடத்தில் "முந்தின நில்தாணா ஹலசூரு" என்று அறிவிப்பு. கன்னடத்தில் முந்தின என்றால் அடுத்த. 20 வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், அது எனக்குத் தெரியாதா? ஆனால் அன்று களைத்த மூளைக்குள் அது தமிழாகப் போய் விழுந்தது. முந்தின நிலையம் ஹலசூரு என்றால் என் இடத்தை விட்டுவிட்டேன் என்று அர்த்தம். பதறி இறங்கினேன். இறங்கியது ஹலசூருதான். நான் அதை இந்திராநகர் என்று எண்ணி எதிர்ப்புறம் ஓடி ரயில் ஏறித் திரும்ப டிரினிட்டியில் போய் நின்றேன். பெயர்ப்பலகையைப் படிக்கிறேன், மனதில் ஏறவில்லை.

காலேஜ் பெண் ஒருத்தி "எங்க போகணும் ஆன்ட்டி?" என்றாள். "ஹ…" என்று தொடங்கி நின்றுவிட்டேன். அவள் ரயில் வந்தது. ஏறவில்லை. கதவு மூடி அது போகும் வரை என் பக்கத்திலேயே நின்றாள். நான் சொல்லி முடித்ததும் என்னோடு அடுத்த ரயிலில் ஏறி ஒரு நிலையம் வந்து, இறக்கிவிட்டுத் தன் வழியில் போனாள். வெளியே வந்து ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை வரை நடந்துவிட்டால் எனக்கு வீடு தெரியும். 2009-இல் அதைத் திறந்தபோது கூட்டத்தில் நின்று பார்த்தவள் நான். அந்த நினைவு அப்படியே இருக்கிறது.

வலித்ததும் உண்டு. அடிபட்ட பிறகு என் கையெழுத்து மாறிவிட்டது, காசோலை திரும்பி வந்தது. வங்கியில் விளக்கப் போனேன். கவுண்டரில் இருந்தவர் நான் இரண்டாவது வாக்கியம் தொடங்கும் முன்பே என் மகளிடம் திரும்பி, "இவங்களுக்குப் புரியாது, நீங்க சொல்லுங்க" என்றார். 18 வருடம் ஒரு கம்பெனியின் கணக்கை முடித்துக் கொடுத்தவள் நான். எனக்குப் புரிந்தது. பதில் வர இன்னும் 10 விநாடி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதைச் சொல்லவும் 10 விநாடி வேண்டும்.

கே.ஆர்.புரத்திலிருந்து:

அக்கா, உங்களைவிடச் சின்னவள் என்பதால் அக்கா என்கிறேன். எங்கள் வீட்டில் அடிபட்டது என் கணவருக்கு. கட்டட வேலையில் சூப்பர்வைசர், சாரத்திலிருந்து விழுந்தார். கொண்டுபோனபோது ஜி.சி.எஸ். 7 என்றார்கள். கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது மூன்றுக்கும் மதிப்பெண் போடும் கணக்கு அது. குறைந்தது 3, முழுசாக 15. எட்டும் அதற்குக் கீழும் கடுமையான அடி. மூளை வீங்கியதால் மண்டை எலும்பில் ஒரு பகுதியை எடுத்து, கெடாமலிருக்க வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்தார்கள். மூன்று மாதம் கழித்துத்தான் அதை எடுத்துத் தலையில் திரும்பப் பொருத்தினார்கள். அதுவரை குளிப்பாட்டும்போது அவர் வயிற்றில் என் கை படும், உள்ளே தகடு மாதிரி தட்டுப்படும். அந்த மூன்று மாதமும் நான் தூங்கினேனா என்று எனக்கே தெரியாது.

எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் காலையில் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பார். அரை மணி நேரம் ஆனாலும் அப்படியே. மாமியார் "சோம்பேறி ஆயிட்டான்" என்பார். நானும் கத்தியிருக்கிறேன். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியில் அடி, ஒரு வேலையை ஆரம்பிக்கச் சொல்லும் இடமே அதுதான் என்று டாக்டர் விளக்கியபோது, கத்திய ஒவ்வொரு நாளும் நினைவுக்கு வந்தது. இப்போது ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். எழுந்திருங்க. குழாயைத் திறங்க. பேஸ்ட் வைங்க. மகள் அதையே படம் வரைந்து பாத்ரூம் கதவில் ஒட்டியிருக்கிறாள்.

கோபமும் பெரிய பாடு. வலிப்பு வராமலிருக்க லெவெடிராசெட்டம் கொடுத்திருந்தார்கள். சிலருக்கு அந்த மருந்தே எரிச்சலைக் கூட்டும் என்று பிறகுதான் தெரிந்தது. டாக்டர் வேறு மருந்துக்கு மெதுவாக மாற்றினார், ஓரளவு தணிந்தது. தயவுசெய்து யாரும் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம்.

நீங்கள் கேட்டது சந்தித்தவர்களைப் பற்றி. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரத் தாத்தா. முதலில் சத்தம் கேட்டுச் சண்டை என்று நினைத்துத்தான் கதவைத் தட்டினார். விஷயம் தெரிந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மாலை 5 மணிக்கு வந்து, "செடிக்குத் தண்ணி ஊத்தலாமா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கூப்பிட்டார். இவர் எழவில்லை. தாத்தா வாசலிலேயே நின்றார். கடைசியில் இவர் எழுந்து போனார். இரண்டு வருடமாக அதே நேரம், அதே கேள்வி. நான் கூப்பிட்டால் அசையாதவர் அதற்கு எழுந்து போகிறார்.

வீட்டில் செய்கிற மாதிரி பயிற்சி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் அக்கா.

விவேக் நகரிலிருந்து:

எனக்கு 26 வயது. சிறுமூளையில் அடி. நடந்தால் தள்ளாடும், பேச்சு குழறும். மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளலாம். சொந்தக்காரர் கல்யாணத்தில் மண்டப வாசலிலேயே பெரியப்பா முறை ஒருவர் "பகல்லயே ஏத்திட்டியா?" என்றார். அம்மா பக்கத்தில் இருந்தார்கள். சாப்பிடாமல் திரும்பினோம். ஆட்டோக்காரர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை நகர்த்துவார்கள்.

இப்போது கழுத்தில் ஒரு அட்டை. கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி லேமினேட் செய்தது. கன்னட வரி "நனகெ தலெகெ பெட்டு பித்திதெ", எனக்குத் தலையில் அடிபட்டிருக்கிறது. கீழே "குடிக்கவில்லை. மெதுவாகப் பேசுவேன்" என்று. அட்டையைக் காட்டிய முதல் நாள் ஒரு ஆட்டோக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். இறங்கி வந்து கையைப் பிடித்து ஏற்றினார். வழியெல்லாம் பள்ளத்தில் நிதானமாக ஓட்டினார். குலுங்கினால் எனக்குத் தலை வலிக்கும் என்று நான் சொல்லவே இல்லை.

சான்றிதழ் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை இருக்கிறது, தலைக்காயம் என்று தனியாக ஒரு வகை இல்லை. காயத்தால் என்ன போனதோ அதைத்தான் பார்ப்பார்கள். எனக்கு இயக்கக் குறைபாடு என்று கொடுத்திருக்கிறார்கள். அக்கா மாதிரி வார்த்தை வராதவர்கள் பேச்சு, மொழிக் குறைபாட்டைக் கேட்டுப் பாருங்கள். நரம்புக் காரணத்தால் மொழி பாதித்தாலும் அதில் வரும். பெரும்பாலான சலுகைக்கு 40 சதவீதம் வேண்டும். என் மறதிக்கு அந்தத் தாளில் இடமே இல்லை, அது எனக்குப் பெரிய குறை.

மர்பி டவுனிலிருந்து:

என் பையன் பத்தாம் வகுப்பு. கிரிக்கெட் பந்து பட்டது. சி.டி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. லேசான அடிகளில் பெரும்பாலும் ஸ்கேன் சுத்தமாகத்தான் இருக்குமாம், அது தெரியாமல் நாங்களே அவனை நம்பவில்லை. வெளிச்சம் கூசுது, படிச்சது நிக்கலை என்றால் பரீட்சைப் பயம் என்று சொன்னோம். அவன் கணக்கு மிஸ் மட்டும் கடைசி பெஞ்சில் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்து, தலை வைத்துப் படுக்க விட்டார். ஆறு வாரத்தில் சரியானான். அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

அல்சூரிலிருந்து:

எல்லோருடையதையும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். தம்பி, அந்த அட்டை மாதிரி நானும் ஒன்று செய்துகொள்ளப் போகிறேன், முதலில் அந்த வங்கிக்கு எடுத்துப் போக.

கே.ஆர்.புரத்துத் தங்கச்சிக்கு: இங்கே நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் எனக்குக் கவனத்துக்குக் கொடுத்த பயிற்சி தானியம் பிரிப்பது. தட்டில் பச்சைப்பயறு, துவரை, கொண்டைக்கடலை எல்லாம் கலந்திருக்கும். தனித்தனிக் கிண்ணத்தில் போட வேண்டும், நேரத்தையும் தவறையும் குறித்துக்கொள்ள வேண்டும். செய்தித்தாளில் ஒரே ஓர் எழுத்தைத் தேடி அடிப்பதும் உண்டு. முதல் நாள் நான் துவரையோடு கடலையைப் போட்டுவிட்டு அதைப் பார்க்கவே இல்லை. என் அத்தை எதிரே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவார்கள், நான் பயறு பிரிப்பேன். இரண்டு பேரும் பேசமாட்டோம். அந்த ஒரு வேளைதான் வீட்டில் யாரும் என்னை நோயாளியாகப் பார்க்காத நேரம். எத்தனை வகையில் தொடங்குவது என்பதை அங்கே இருக்கும் உளவியலாளரிடம் கேட்டுத் தொடங்குங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு ஆரம்பிப்பதே கஷ்டம் என்பதால் முதல் பயறை நீங்கள் எடுத்துப் போட வேண்டியிருக்கும்.

கே.ஆர்.புரத்திலிருந்து:

கேட்கிறேன் அக்கா, அடுத்த செக்கப் வியாழக்கிழமை. கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் வீட்டில் இருக்கிறது. இப்போது மணி ஐந்தாகப் போகிறது, வாசல் கதவைத் திறந்து வைக்க வேண்டும்.