தொல்லை தராத பிள்ளைகள்: நீங்கள் பார்த்தது என்ன?

அமைதியாக இருந்தாலும் உள்ளுக்குள் பயத்தோடு இருக்கும் பிள்ளைகளைப் பற்றிச் சிங்கப்பூர் வாசகர்கள் எழுதியவை.

பாலர் பள்ளித் தமிழாசிரியை, உட்லண்ட்ஸ்:

கடிக்கிற, நாற்காலியைத் தள்ளுகிற பிள்ளை என்றால் அன்று மாலையே பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசிவிடுவோம். மூலையில் அமைதியாக இருக்கும் பிள்ளைக்காக யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை.

பாலர் பள்ளியின் கடைசி ஆண்டான கே2வில் ஒரு பெண் குழந்தை. 'அ' எழுதும்போது சுழி கொஞ்சம் கோணினால் போதும், அழித்து அழித்துத் தாளே கிழிந்துவிடும். கிழிந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என் முகத்தையே பார்ப்பாள். திங்கட்கிழமை காலையானால் வயிற்றுவலி. மருத்துவர் பார்த்தால் வயிற்றில் ஒன்றும் இருக்காது. "சமர்த்து, ஒரு தொல்லையும் கிடையாது டீச்சர்" என்பார் அவள் பாட்டி.

கூச்சமெல்லாம் நோயில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு, தூக்கம், விளையாட்டு மூன்றிலும் கைவைத்து, வாரக்கணக்கில் நீடித்தால்தான் நான் குறித்துவைப்பேன். அவள் அம்மாவிடம் அந்தக் குறிப்புகளைக் காட்டியபோது, "என் பிள்ளைக்கு என்ன, பைத்தியமா?" என்று கோபப்பட்டார். ஆனாலும் ஒரு மாதம் கழித்து பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு சிறுவர் மருத்துவமனைக்குப் போனார்கள். பயத்தைப் பெயர் சொல்லிப் பேச அங்கே பழக்கினார்கள். இப்போது தொடக்கநிலை 3. வயிற்றுவலி அடியோடு போகவில்லை, ஆனால் "பயமா இருக்கு" என்று அவளே சொல்கிறாளாம்.

உயர்நிலை 2 மாணவனின் அப்பா, ஈசூன்:

டீச்சர் சொன்னது எங்கள் வீட்டுக் கதை மாதிரியே இருக்கிறது. என் மகன் நாலு வயதில் வீட்டில் ஓயாமல் பேசுவான், பள்ளியில் வாயே திறக்க மாட்டான். சேர்ந்த முதல் மாதம் அப்படி இருப்பது சகஜம், அதற்குப் பிறகும் தொடர்ந்தால் காட்டவேண்டும் என்று பின்னாளில் மருத்துவர் சொன்னார். அப்போது பள்ளியில் எங்களுக்குச் சொன்னது "போகப்போகச் சரியாகிவிடும்". பேச்சு வந்தது, சரிதான். பயம் போகவில்லை. 13 வயதில், வகுப்பின் முன் நின்று பேசவேண்டிய நாளுக்கு முந்தின இரவு தூங்கவே மாட்டான். பள்ளி ஆலோசகர்தான் கண்டுபிடித்து, மாணவர்களுக்கு மனநல உதவி தரும் ரீச் குழுவுக்கு எழுதினார்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், 10 முதல் 18 வயதுப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் சோகம், பதற்றம், தனிமை இருப்பதாகச் சொன்னார்கள். மனநலச் சிக்கல் உள்ள பிள்ளைகளின் பெற்றோரில் அதைச் சரியாகக் கண்டவர்கள் பத்தில் ஒருவர் அளவுதான். எனக்கு ஆச்சரியமே இல்லை.

தாதி, ஜூரோங்:

உதவிக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: மனநல உதவி தரும் சாட் நிலையம் 16 முதல் 30 வயதினருக்கு. அதற்குக் குறைந்த வயதென்றால் பள்ளி ஆலோசகர் அல்லது பலதுறை மருந்தகம். ராத்திரியில் நிலைமை மோசமானால் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767, எந்நேரமும் எடுப்பார்கள்.