புதுப்பிப்பு: அந்த ஹோட்டல் வேலைக்குப் போகவில்லை

திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் கணக்கு எழுதும் வேலைக்கு நேர்முகம் போனேன், ஏதோ சரியில்லை என்று மனம் உறுத்துகிறது என எழுதியிருந்தேன் அல்லவா? சம்பளம் நல்லது. ஆனால் சான்றிதழ்களின் மூலப்பிரதியைத் தங்களிடமே வைக்கச் சொன்னார்கள், நியமனக் கடிதம் "பிறகு பார்ப்போம்" என்றார்கள்.

நீங்கள் பதிலில் சொன்னபடி ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பற்றி நேராகவே கேட்டேன். சட்டப்படி அதற்குச் சம்பளத்தில் முதலாளி 12 வீதம், நாங்கள் 8 வீதம் கட்ட வேண்டும். ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முழுக்க முதலாளியின் பொறுப்பு. தகுதிகாண் காலத்திலும் கட்டத்தான் வேண்டும். "ஆறு மாதம் போகட்டும் தங்கச்சி, இப்பவே இதெல்லாம் எதற்கு?" என்றார் மேலாளர். குரலில் நல்ல எரிச்சல். சரி, வேண்டாம் என்று அங்கேயே முடிவெடுத்துவிட்டேன்.

அம்மாவுக்குக் கவலைதான். செப்டெம்பரோடு இங்கே சீசன் ஓய்ந்துவிடும், அப்புறம் வேலை கிடைப்பது கஷ்டம். அது உண்மை. ஆனால் சான்றிதழைப் பிடித்து வைத்திருக்கும் இடத்திலிருந்து நாளைக்கு எப்படி விலகுவது?

இப்போது உப்புவெளியில் வேறோர் இடத்தில் பேசியிருக்கிறேன். சம்பளம் குறைவு. நியமனக் கடிதத்தின் மாதிரியை அவர்களாகவே அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை பதில் தெரியும்.