புதுப்பிப்பு: எட்வர்ட் ரோஜா படத்தில் இதழ் மடிப்பு தெரியாத பிரச்சினை தீர்ந்தது

கோவைப் பூங்காவில் எட்வர்ட் ரோஜாவைப் படம் எடுத்தால் இதழெல்லாம் ஒரே பிங்க் திட்டாக வருகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றிங்க.

வேலை செய்தது, "சிவப்பு சேனலைத் தனியாகப் பாருங்க" என்ற யோசனை. சேனல் என்றால் சிவப்பு, பச்சை, நீலம் என்று படத்தில் உள்ள ஒவ்வொரு நிறப் பகுதி. பொது ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) நன்றாகத்தான் இருந்தது. சிவப்பு மட்டும் வலது ஓரத்தில், அதாவது அதிக வெளிச்சப் பக்கத்தில், முட்டி நின்றது. அங்கே முட்டினால் மடிப்பு விவரம் போய்விடும், பிறகு திருத்தியும் வராது. எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்ச அளவை) −0.7 முதல் −1 வரை குறைத்து, கேமரா பதிந்ததைச் சுருக்காமல் சேமிக்கும் ரா (RAW) ஃபைலாக எடுத்ததும் நடு இதழ்கள் வரை பிரிந்து தெரிகின்றன. வெயில் ஏறிவிட்டால் பூவுக்கு மேல் வெள்ளைக் குடை. கலர் குடை ஆகாது, அதன் சாயம் இதழில் இறங்கும்.

போலரைசர் (லென்ஸில் மாட்டும் ஃபில்டர்) இலைப் பளபளப்பைக் குறைத்தது, ஆனால் ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிட்டது (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பூ ஆடுவதால் ஷட்டர் வேகம் 1/500 நொடியாவது வேண்டும், அதற்கு வெளிச்சம் போதாது. அப்போது போலரைசரைக் கழற்றிவிடலாம்.

எதிர்பாராதது: நிழலில் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (கேமராவே நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) பிங்க்கை ஊதாவாக்குகிறது. ஒயிட் பேலன்ஸை 'ஷேட்' (நிழல்) அமைப்பில் வைத்தால் நிறம் சரியாக வருகிறது.