கோவில் மண்டபத்தில் கால்வாய்ப் படங்கள்: மூன்றை மட்டும் எடுக்கச் சொல்வது சரியா?

கால்வாய்க்கரை:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன், மீர்பேங்கில் இருந்து எழுதுகிறேன். என் தமிழ் ஆயாவிடமும் சனிக்கிழமை கோவில் வகுப்பிலும் கற்றது. பிழை இருந்தால் திருத்துங்கள், ஆனால் விஷயத்தை விட்டுவிட்டு அதையே பிடித்துக்கொள்ளாதீர்கள்.

நாங்கள் ஆறு பேர், 17 முதல் 22 வயது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு உம்லாஸ் கால்வாய் ஓரத்தைப் படம் எடுக்க ஆரம்பித்தோம். ஐந்து பேரிடம் போன்தான், ஒருத்தியிடம் மட்டும் மாமா கொடுத்த பழைய நிக்கான். உடைந்த சாக்கடைக் குழாய், கரையில் குவிந்த குப்பை, தண்ணீர் லாரிக்கு நிற்கும் வரிசை என்று நிறையச் சேர்ந்தது. அதில் 40 படங்களைத் தேர்ந்தெடுத்து, புரட்டாசி முழுக்கக் கோவில் மண்டபத்தில் மாட்ட அனுமதி கேட்டோம். புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் ஊரே வரும், கவுன்சிலரும் தலையைக் காட்டுவார்.

கமிட்டி சரி என்றது, மூன்று படங்களைத் தவிர. இரண்டில் கால்வாயில் மிதப்பது நம் பூஜைச் சாமான்: தேங்காய், வாழை இலை, மாலை, அவற்றைக் கட்டி எறிந்த பிளாஸ்டிக் பை. மூன்றாவதில் ஜொண்டோல் பக்கத்துக் கோகோ ஒருவர் காலி பக்கெட்டோடு நிற்கிறார். (வெளியூர்க்காரர்களுக்கு: தகர வீடுகளை இங்கே ஜொண்டோல் என்போம், ஜூலுவில் பாட்டி கோகோ.) முதல் இரண்டும் கோவிலுக்கு அவமானமாம், மூன்றாவது நம் ஆட்கள் விஷயம் இல்லையாம். ஆலைப் புகைபோக்கியை மாட்டலாம், முனிசிபாலிட்டி அள்ளாத குப்பையை மாட்டலாம், நாம் போட்ட குப்பையை மட்டும் மாட்டக்கூடாதா? மூன்றும் இல்லையென்றால் கண்காட்சியே வேண்டாம் என்பது என் பக்கம். குழுவில் பாதிப் பேர் விட்டுக்கொடு என்கிறார்கள்.

யூனிட்3:
தம்பி, நான் சாட்ஸ்வொர்த். கோபப்படாதே, கமிட்டி சொன்னதில் நியாயம் இருக்கிறது. எங்கள் குடும்பம் டர்பன் முனிசிபாலிட்டியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகஸின் பேரக்ஸில் இருந்தது. 1960-களில் அங்கிருந்து கிளப்பி இங்கே கொண்டுவந்து போட்டார்கள். எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் 1950-இல் வந்தது, அதற்கு ரொம்ப முன்பிருந்தே இந்தியர் வாழும் இடம் என்றால் அழுக்கு, சுகாதாரக் கேடு என்றுதான் பேச்சு. நம் குப்பையைக் காட்டித்தான் நம்மை அப்புறப்படுத்தினார்கள். அந்த வேலையை இப்போது நம் பிள்ளைகளே, அதுவும் கோவில் சுவரில், செய்ய வேண்டுமா?

இன்னொன்று. மீர்பேங்கின் பெரிய வியாதி கண்ணுக்குத் தெரிவது இல்லை, மூக்குக்குத் தெரிவது. அழுகிய முட்டை நாற்றத்தை எந்தக் கேமராவில் பிடிப்பாய்? இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவே இருந்த செட்லர்ஸ் ஆரம்பப் பள்ளியில் 2000-களின் தொடக்கத்தில் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு ஆஸ்துமா. அந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஊர் பேசியது, காற்றை அளக்கும் கருவிகளும் வந்தன. படம் பார்த்து யாரும் மனம் மாறவில்லை.

பழைய_நெகட்டிவ்:
அங்கிள் பாதிக் கதை சொல்கிறார். அந்த எண்ணிக்கையை யாரும் சும்மா எடுத்துவிடவில்லை. முதலில் யாரோ ஒருவர் எண்ண வேண்டும் என்று நினைக்க வேண்டும். அதற்கு ஊரின் முகம் வெளியே தெரிய வேண்டும்.

நான் 80-களில் இருட்டறையில் கை நாற வேலை செய்தவன். 1982-இல் ஒமர் பட்ஷாவும் மற்றவர்களும் ஆஃப்ராபிக்ஸ் என்ற புகைப்படக்காரர் குழுவைத் தொடங்கினார்கள். பட்ஷா நம் டர்பன்காரர்தான். 1985 நவம்பரில், நெருக்கடிநிலை இருந்த பகுதிகளில் கலவரத்தைப் படம் எடுக்கவே நிறவெறி அரசு தடை போட்டது. படத்தால் ஒன்றும் ஆகாது என்றால் துப்பாக்கி வைத்திருந்த அரசு எதற்குக் கேமராவுக்குப் பயந்தது? அதற்கும் முன்னால், டிரம் இதழுக்குப் படம் எடுத்த ரஞ்சித் காலி உங்களுக்குப் பக்கத்து இசிபிங்கோவில் பிறந்தவர். அரசின் கண்ணுக்கு இந்தியர் குடியிருப்பு வெறும் அழுக்கு. அவர் படத்தில் அங்கே மனிதர்கள் இருந்தார்கள். யார் எடுக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம், அங்கிள். அப்போது அழுக்கைக் காட்ட வெளியிலிருந்து வந்து எடுத்தார்கள், இப்போது உள்ளே இருக்கிற பிள்ளைகள் எடுக்கிறார்கள்.

பூஜைப் படம் இரண்டையும் மாட்டு தம்பி, வாசலிலேயே மாட்டு. கோகோ படத்தைப் பற்றி எனக்கு வேறு கேள்வி இருக்கிறது. அவரிடம் கேட்டாயா?

கால்வாய்க்கரை:
எடுக்கும்போது கையைக் காட்டினேன், தலையசைத்தார். அது போதாதா?

பீனிக்ஸ்காரி:
போதாது. நான் சொல்கிறேன் ஏன் என்று.

அதே 2022 வெள்ளத்தில் எங்கள் பெரியம்மா நிவாரண சாப்பாட்டு வரிசையில் நின்றார். யாரோ ஒரு பையன், நல்ல எண்ணத்தோடுதான், படம் எடுத்தான். அவரும் தலையசைத்திருப்பார், கேமராவைப் பார்த்தால் எல்லாரும் தலையசைப்போம். அது வாட்ஸாப்பில் ஊர் சுற்றிவிட்டு, இரண்டாம் நாள் ஜோபர்க்கில் இருக்கும் சம்பந்தி வீட்டில் இருந்து ‘உங்களுக்கு இந்த நிலைமையா’ என்று போன். முப்பது வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்து பிள்ளைகளைப் படிக்கவைத்த மனுஷி. அப்புறம் மூன்று மாதம் கோவிலுக்கே வரவில்லை. அந்தப் படத்துக்கு எத்தனை லைக் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது, எழுத மனமில்லை.

இந்த நாட்டின் மிகப் பெரிய படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1976 ஜூன் 16, சோவெட்டோ மாணவர் போராட்டத்தில் சாம் ன்சிமா எடுத்தது. சுடப்பட்ட ஹெக்டர் பீட்டர்சனைத் தூக்கிக்கொண்டு ஓடும் பையன் இம்புயிசா மகுபு. படம் உலகத்தையே உலுக்கியது, சரி. ஆனால் போலீஸ் தொல்லை தாங்காமல் அந்தப் பையன் நாட்டை விட்டுப் போனான். 1978-இல் நைஜீரியாவிலிருந்து அம்மாவுக்குக் கடிதம் வந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. படம் எடுத்த ன்சிமாவும் நிம்மதியாக இருக்கவில்லை, தன் படத்தின் உரிமை அவர் கைக்கு வரவே 1998 ஆயிற்று. மாற்றம் வேண்டும் என்று பேசும்போது அதற்கு விலை கொடுப்பவர் யார் என்று கொஞ்சம் பார்க்கலாம்.

கால்வாய்க்கரை:
அக்கா, உங்கள் பெரியம்மாவுக்கு நடந்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வதுபோல் போனால் முகமே இல்லாத படங்கள்தான் மிஞ்சும். வெறும் குப்பை, வெறும் குழாய். அதை யார் நின்று பார்ப்பார்? டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் அந்த வெள்ளத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அதை எனக்குப் புரியவைத்தது செய்தியில் வந்த எண் இல்லை, பக்கெட் தூக்கிய மனிதர்கள்தான்.

கேப்டவுன்_விருந்தாளி:
நான் திருநெல்வேலி, வேலைக்காக இங்கே. வெளியாள் என்பதால் மெதுவாகவே சொல்கிறேன்.

சட்டத்தைப் பார்த்தால் உங்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் கறாராக அமலில் இருக்கிறது, ஆனால் பத்திரிகை, கலை நோக்கத்துக்கு அதில் விலக்கு உண்டு. குழந்தைகள் படத்தில் மட்டும் பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள். ஆனால் சட்டம் விட்டுவிட்டது என்பதற்காக பீனிக்ஸ் அக்கா சொன்னது இல்லாமல் போய்விடாது.

1990-களில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் ஒரு முறையைச் செய்து பார்த்தார்கள். கிராமத்துப் பெண்களிடமே கேமராவைக் கொடுத்து, எதை எடுப்பது, எதை அதிகாரிக்குக் காட்டுவது என்பதை அவர்களே முடிவு செய்யும்படி விட்டார்கள். இப்போது உலகம் முழுக்க அதை ஃபோட்டோவாய்ஸ் என்கிறார்கள், தென்னாப்பிரிக்காவிலும் செய்திருக்கிறார்கள். கோகோவைப் படம் எடுப்பதை விட, கோகோ என்ன எடுப்பார் என்று கேட்டுப் பாருங்களேன்.

யூனிட்3:
கேமரா கொடுப்பீர்கள். டேட்டாவுக்கு ரேண்ட் யார் கொடுப்பது? கண்காட்சி முடிந்ததும் நீங்கள் ஆறு பேரும் கல்லூரிக்குப் போய்விடுவீர்கள், அந்த அம்மா அதே பக்கெட்டோடு நிற்பார்.

பழைய_நெகட்டிவ்:
அங்கிள் இந்த ஒரு விஷயத்தில் சரி. தம்பி, எங்கள் காலத்தில் இடமும் தேதியும் எழுதாத நெகட்டிவை ஒருவரும் தொடமாட்டார்கள். உன் 40 படத்தில் எத்தனைக்குத் தேதி இருக்கிறது? ஒரே உடைந்த குழாயை ஒரே இடத்தில் நின்று மாதம் ஒருமுறை எடுத்திருக்கிறாயா? அழகான ஒரு படத்தை விட அப்படி எடுத்த பன்னிரண்டு சுமாரான படங்களுக்குத்தான் கவுன்சிலர் வியர்ப்பார்.

கால்வாய்க்கரை:
(மூன்று நாள் கழித்து)

தேதி போனில் இருக்கிறது, இடம் பாதிக்குத்தான். நிக்கானில் தேதியே தப்பு, 2011 என்று காட்டுகிறது. உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்கிறோம்.

நேற்று படத்தைப் பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு கோகோவிடம் போனோம். என் ஜூலு கடைக்குப் போகும் அளவுக்குத்தான், அதனால் வகுப்புத் தோழன் ஒருவனையும் கூட்டிப்போனேன். முகத்தை எடுத்துவிடு என்பார் என்று நினைத்தேன். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். ‘நான் தெரிகிறேன், பக்கெட் தெரிகிறது, குழாய் எங்கே?’ என்று கேட்டார். அப்புறம் எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார். நூறு வீட்டுக்கு மேல் அந்த ஒரே குழாய்தானாம், கைப்பிடி போய்க் கம்பி கட்டியிருக்கிறது. ‘இதை எடு, நான் பக்கத்தில் நிற்கிறேன், ஆனால் இந்தத் துணியோடு இல்லை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போது வா’ என்றார். போகிறோம்.

பூஜைப் படங்கள் விஷயம் கமிட்டியில் இன்னும் இழுபறி. எடுத்ததில் ஒரு பை என் சொந்த வீட்டு மாலைப் பை என்று அம்மா கண்டுபிடித்துவிட்டார். அதை என் பெயர் போட்டே மாட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பீனிக்ஸ்காரி:
பிரின்டில் ஒன்றை கோகோவிடமே கொடுத்துவிட்டு வா.

யூனிட்3:
பூஜைப் படத்தில் என் கருத்து மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை குழாயை எடுக்கும்போது பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண்ணும் விழுகிற மாதிரி எடு. இல்லாவிட்டால் இடம் தெரியவில்லை என்று புகாரை மூடிவிடுவார்கள்.